பழைய காரில் வானொலி இரைகிறதா? கொழும்பு வாகனக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் நம்மில் பலர் இருந்த காரையே பேணிப் பேணி ஓட்டினோம்; இன்றும் ஓட்டுகிறோம். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் செலவழிப்பவர்கள் வானொலி இரையத் தொடங்கினால் மட்டும் "பழைய கார்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். விடத் தேவையில்லை. பெரும்பாலான பழுதுகள் சிறியவை, வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கக்கூடியவை.

வானொலி ஒரே இரைச்சல். புது செட் வாங்கினால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் ஆகாது. குற்றவாளி அநேகமாக செட் அல்ல; அன்டெனாவும், அதிலிருந்து வரும் வயரும், அது காரின் உடலோடு சேரும் இடமும்தான். ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால் அலைவரிசை எல்லை என்ற இன்னொரு சிக்கலும் உண்டு. இவற்றைப் பார்க்காமல் செட்டை மாற்றினால், புது செட்டும் அதே கறள் பிடித்த அன்டெனாவிலிருந்துதான் அலையை வாங்கப்போகிறது. காசும் போய், இரைச்சலும் அப்படியே இருக்கும்.

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது?

முதலில் சிடி அல்லது யுஎஸ்பியில் ஒரு பாட்டைப் போடுங்கள். அதிலும் கரகரப்பு இருந்தால் பழுது ஒலிபெருக்கியிலோ செட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் பகுதியிலோ இருக்கிறது. இந்தப் பக்கம் உங்களுக்கு உதவாது. பாட்டு தெளிவாகக் கேட்டால், காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை வானொலி மட்டும் இயங்கும் நிலையில் வையுங்கள். அடுக்குமாடி வீட்டின் நிலத்தடித் தரிப்பிடத்தில் செய்யும் சோதனைக்குப் பெறுமதி இல்லை. காலிமுகத்திடல் பக்கம், மரைன் டிரைவ், ஒரு மைதான ஓரம் என எங்காவது போங்கள்.

எஞ்சின் அணைந்திருக்கும்போது தெளிவாகக் கேட்டு, ஓடும்போது மட்டும் இரைந்தால் அது காரே உண்டாக்கும் சத்தம். இரண்டு நிலையிலும் இரைந்தால் அலை செட்டுக்குள் ஒழுங்காக வந்து சேரவில்லை. இந்த ஒரு பிரிப்பே பாதி வேலை.

செட்டில் 'லோக்கல்' என்ற பொத்தான் இருந்தால் அதையும் பாருங்கள். அது இயங்கும்போது தானாகத் தேடும் வசதி பலமான நிலையங்களில் மட்டுமே நிற்கும். துடைக்கும்போது கை பட்டு அது இயங்கிவிட, "பாதி நிலையங்களைக் காணோம்" என்று கராஜுக்கு ஓடியவர்கள் உண்டு.

ரீகண்டிஷன் ஜப்பான் கார். டயல் 90க்கு மேல் போகவே மறுக்கிறது. பழுதா?

பழுதல்ல. அந்த வானொலி ஜப்பானுக்காகச் செய்யப்பட்டது. நமது எஃப்.எம். 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. ஜப்பானில் நீண்ட காலம் அது 76 முதல் 90 வரை மட்டுமே இருந்தது. 90க்கும் 108க்கும் இடைப்பட்ட இடத்தை அங்கே பழைய தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் பிடித்திருந்தன. அந்தத் தொலைக்காட்சி முறை நிறுத்தப்பட்ட பிறகே எஃப்.எம். 95 வரை நீண்டது. ஆகவே பழைய கொரோலாவோ சனியோ லான்சரோ, ஜப்பான் செட்டோடு வந்திருந்தால் கொழும்பில் ஒலிக்கும் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை அதன் எல்லைக்கு வெளியே இருக்கும். இந்தியாவிலிருந்து வந்த மாருதி, ஆல்டோ கார்களில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கும் எல்லை 108 வரைதான்.

இதற்காக நாம் பூட்டுவதுதான் பேண்ட் எக்ஸ்பாண்டர். தீப்பெட்டி அளவில் ஒரு சிறு பெட்டி. அன்டெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவே செருகி, 12 வோல்ட் மின்சாரமும் எர்த்தும் (காரின் உலோக உடலோடு சேரும் இணைப்பு) கொடுத்தால், வரும் அலையை ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கிச் செட்டுக்குக் கொடுக்கும். பெட்டி 20 மெகாஹெர்ட்ஸ் இறக்கக்கூடியது என்றால் 103.5இல் ஒலிக்கும் நிலையம் உங்கள் டயலில் 83.5இல் வரும்.

எக்ஸ்பாண்டர் பூட்டியும் சில நிலையங்கள் வரவில்லையே?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 76 முதல் 90 வரையான செட்டில் 14 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் இருக்கிறது. நமது எஃப்.எம். 20க்கும் மேற்பட்ட அகலம். எந்த எக்ஸ்பாண்டரும் 20ஐ 14க்குள் அடக்காது. எந்தத் துண்டு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும். 12 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் பெட்டி 88 முதல் 102 வரை தரும். மேலே இருப்பவை போய்விடும். 20 இறக்கும் பெட்டி 96 முதல் 108 வரை தரும். கீழே இருப்பவை போய்விடும். பெட்டியின் மேல் அந்த எண் வழக்கமாக அச்சிட்டிருக்கும். கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார். நீங்கள் தினமும் கேட்கும் நிலையங்களின் எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய், அந்த எண்களுக்குப் பொருந்தும் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். 95 வரை போகும் பிற்காலத்துச் செட் என்றால் அகலம் 19 ஆகிவிடும்; ஏறக்குறைய எல்லாமே அடங்கும்.

பெட்டி சரியாக இருந்தும் எல்லாமே மங்கலாகக் கேட்டால் அதன் கறுப்பு எர்த் வயரைப் பாருங்கள். டாஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக்கில் எங்கோ சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். அது வண்ணப்பூச்சு இல்லாத உலோகத்தில், ஸ்குரூ வைத்து முறுக்கப்பட்டிருக்க வேண்டும். அதேபோல் 12 வோல்ட் வயர் சாவியோடு சேர்ந்து இயங்கும் இணைப்பிலிருந்து வர வேண்டும். பெட்டரியிலிருந்து நேராக எடுத்தால் நின்ற காரிலும் பெட்டி ஓயாமல் மின்சாரம் குடிக்கும்.

மலிவான எக்ஸ்பாண்டர்களில் ஒரே நிலையம் இரண்டு இடத்தில் வருவதும், பலமான நிலையம் பக்கத்தில் இருப்பதன் மேல் ஏறிப் பேசுவதும் சாதாரணம். அதற்கு மருந்து இல்லை. வானொலியை உண்மையாகவே நேசித்துக் கேட்பவர் என்றால், அசல் செட்டின் அழகுக்காக எக்ஸ்பாண்டரோடு மல்லுக்கட்டுவதைவிட 108 வரை உள்ள ஒரு சாதாரண செட்டைப் பூட்டுங்கள் என்பதே என் கருத்து.

அப்படித்தான் புது செட் பூட்டினேன். முன்பைவிட மோசமாகிவிட்டது.

இதற்கு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, பழைய எக்ஸ்பாண்டரைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் அது இன்னும் அலையை இறக்கிக்கொண்டே இருக்கும். 108 வரை பார்க்கும் புது செட்டுக்கு அது முட்டுக்கட்டை. அன்டெனா வயரைப் பிடித்துக்கொண்டு கையாலேயே தொடர்ந்து போனால் அகப்பட்டுவிடும்.

இரண்டாவது, நீல வயர். பின்கண்ணாடியிலோ பக்கக் கண்ணாடியிலோ கோடுகளாக அன்டெனா அமைந்த கார்களில் அந்தக் கோடுகளுக்கு அருகே ஒரு சிறு பெருக்கி இருக்கும். செட் இயங்கும்போது அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். புது செட்டில் அதற்கென வரும் நீல வயரை "இது எதற்கோ" என்று டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள். மின்சாரம் இல்லாத பெருக்கி அலையைக் கடத்தாமல் தடுத்துவிடும். விளைவு, வெறும் இரைச்சல். சில கார்களில் இந்த மின்சாரம் அன்டெனா வயர் வழியாகவே போகும். அதற்குத் தனி அடாப்டர் வேண்டும்.

மூன்றாவது, அன்டெனாவின் முனை. சில ஜப்பான் கார்களின் முனை வேறு வடிவம். பொருந்தாததை வெட்டி, இரண்டு வயர்களை முறுக்கி ஒட்டிவிட்டிருந்தால் அங்கேயே பாதி அலை போய்விடும். அடாப்டர் விலை அதிகமில்லை. பஞ்சிகாவத்தையிலும் புறக்கோட்டையிலும் தேடினால் கிடைக்கும்.

அன்டெனா நன்றாக இருக்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

செட்டை வெளியே இழுத்து அன்டெனா வயரைக் கழற்றுங்கள். ஒரு மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். வயர் முனையின் நடு ஊசிக்கும் வெளியே உள்ள அன்டெனாக் கம்பிக்கும் இடையே ஏறக்குறைய பூச்சியம் காட்ட வேண்டும். நடு ஊசிக்கும் அதைச் சுற்றியுள்ள உலோக வளையத்துக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. வளையத்துக்கும் காரின் உடலுக்கும் இடையே மறுபடி பூச்சியம். இது சாதாரணக் கம்பி அன்டெனாவுக்கான சோதனை. பெருக்கி உள்ள கண்ணாடி அன்டெனாவுக்குப் பொருந்தாது.

கொழும்பில் மூன்றாவது அளவுதான் அதிகம் தவறுகிறது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலோரமாகக் கார் நிறுத்துபவர்கள் அன்டெனாவின் அடித்தளத்தைத் திறந்து பாருங்கள். மேலே குரோம் பளபளக்கும். நட்டைக் கழற்றி ரப்பரைத் தூக்கினால் கீழே மட்கார்ட் தகட்டில் பழுப்பு நிறத்தில் பொருக்குப் பொருக்காகக் கறளும், அதன் மேல் வெள்ளை மாவாக உப்பும் படிந்திருக்கும். அன்டெனாவின் அடியில் உள்ள பற்கள் தகட்டைக் கடித்துப் பிடித்தால்தான் எர்த் கிடைக்கும். கறளைக் கடித்துப் பயனில்லை. சாண்ட் பேப்பரால் உலோகம் மின்னும் வரை தேய்த்து, மெல்லிய கிரீஸ் பூசி, இறுக்கிப் பூட்டுங்கள். மழை வந்தால் மட்டும் மோசமாகிறது என்றால் வயருக்குள்ளேயே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்போது வயரை முழுதாக மாற்ற வேண்டும். கார் அன்டெனா வயரின் உள்ளே ஓடுவது தலைமுடி போன்ற கம்பி. வெட்டி ஒட்டுவது நிலைக்காது. தொலைக்காட்சி வயரைப் போடுவதும் வேண்டாம், மத்திய அலை போய்விடும்.

மீட்டர் இல்லையா? தெரிந்தவரிடம் ஓர் அன்டெனாவை இரவல் வாங்கி நேராகச் செட்டில் செருகி, கம்பியைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, அதன் அடியை வண்ணப்பூச்சு இல்லாத உலோகத்தில் தொட வையுங்கள். அப்போது நிலையங்கள் வந்து குவிந்தால் உங்கள் செட் குற்றமற்றது. புது செட்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள்.

மோட்டார் அன்டெனா பாதியில் நின்றுவிடுகிறது.

பாதிக் கம்பி பாதி அலைதான் பிடிக்கும். கம்பியை முழுதாக வெளியே எடுத்து மென்மையான துணியில் சிறிது மெல்லிய எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். தடித்த கிரீஸ் பூசினால் தூசியும் மணலும் அதில் ஒட்டி இன்னும் இறுகும். மோட்டார் சத்தம் கேட்டும் கம்பி அசையவில்லை என்றால் உள்ளே உள்ள பல் வைத்த நைலோன் நாடா அறுந்திருக்கும். பல மாதிரிகளுக்குக் கம்பியும் நாடாவும் சேர்த்துத் தனியாகக் கிடைக்கும்; மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை.

அழகுக்காகக் குட்டை அன்டெனா போட்டேன். அதனால் குறையுமா?

குறையும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். பழைய கார்களின் கம்பி ஏறக்குறைய அந்த நீளத்தில் இருப்பது இந்தக் காரணத்தால்தான். விரல் நீள அன்டெனா நகருக்குள் சமாளிக்கும். அவிசாவளை தாண்டினால் கைவிடும்.

எஞ்சினை இயக்கினால் மட்டும் சத்தம் வருகிறது.

சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க 'ங்ஙீ' என்று மேலே ஏறும் ஊளை என்றால் பெட்டரியை மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் அல்லது எர்த். எஞ்சினிலிருந்து உடலுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டியைப் பாருங்கள். பழைய கார்களில் அது பச்சை பூத்து நூலாய் இற்றிருக்கும். 'டிக் டிக் டிக்' என்று வேகத்தோடு அடுக்கடுக்காக வந்தால் ஸ்பார்க் பிளக் பக்கம். ரெசிஸ்டர் உள்ள பிளக்தான் போட வேண்டும், என்.ஜி.கே. பிளக்குகளில் எண்ணுக்கு நடுவே 'ஆர்' என்ற எழுத்து இருப்பது அதன் அடையாளம். மலிவாகக் கிடைத்தது என்று அந்த எழுத்து இல்லாததைப் போட்டால் மத்திய அலையில் பொரிந்து தள்ளும். பழைய பிளக் வயர்களிலும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் வெடிப்பு இருந்தால் இதே சத்தம்தான்; இரவில் பொனெட்டைத் திறந்து பார்த்தால் நீலப் பொறி தெரியும். கையை மட்டும் அருகே கொண்டுபோகாதீர்கள்.

எஞ்சின் பக்கம் எல்லாம் சரி. ஆனாலும் இரைகிறது.

சிகரெட் லைட்டர் துளையில் செருகிய போன் சார்ஜரைக் கழற்றுங்கள். பிறகு டாஷ் கேமராவை. பிறகு மாற்றிப் போட்ட எல்.ஈ.டி. பல்புகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். பழைய கார் வந்த காலத்தில் இவை எதுவும் இல்லை; மலிவானவை எஃப்.எம். முழுவதும் இரைச்சலைக் கக்கும். கேமரா வயரை அன்டெனா வயரோடு முன்கண்ணாடியோரத்து ஒரே தூணுக்குள் திணித்திருந்தால் நிச்சயம் தொல்லை. பிரித்து மறுபக்கமாகக் கொண்டுபோங்கள். வயரில் ஃபெரைட் வளையம் மாட்டினாலும் குறையும்.

பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்றால் நிலையம் மறைகிறது. கொஞ்சம் நகர்ந்தால் திரும்பி வருகிறது.

இது உங்கள் காரின் குறையல்ல. நேராக வரும் அலையும், காலி வீதியின் உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலையும் ஒரே இடத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ முன்னால் போனால் சேர்க்கை மாறிவிடும். அன்டெனா நல்ல நிலையில் இருந்தால் இந்தக் குழிகள் ஆழம் குறையும், மறைவதில்லை. ஓடும்போது படபடவென்று விட்டுவிட்டு வருவதும் இதே காரணம். செட்டில் 'மோனோ' இருந்தால் போடுங்கள். இரைச்சல் வெகுவாக அடங்கும்.

கண்டிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும்போது வழியில் போய்விடுகிறது.

எஃப்.எம். அலை மலையைச் சுற்றி வளைந்து போவதில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் கொழும்பு அலை மங்குவது இயற்கை. நாடளாவிய நிலையங்கள் வெவ்வேறு மலைகளிலிருந்து வெவ்வேறு எண்களில் ஒலிபரப்புகின்றன. போகும் ஊருக்கான எண்களை முன்கூட்டியே செட்டில் பதிந்து வையுங்கள். எக்ஸ்பாண்டர் இருந்தால் கழித்து வரும் எண்ணைப் பதிய மறக்காதீர்கள்.

பூஸ்டர் வாங்கிப் போடலாமா?

கடைசியாக யோசியுங்கள். பூஸ்டருக்கு அலை எது, இரைச்சல் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கும். எர்த் கெட்ட அன்டெனாவில் பூஸ்டர் போடுவது இரைச்சலைக் காசு கொடுத்து வாங்குவது. கொழும்புக்குள் அலை பலம் அதிகம். பூஸ்டர் போட்டால் செட் திணறி, ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்று ஏறும்.

போனில் கேட்கலாமே. இதற்கு ஏன் இவ்வளவு பாடு?

போனில் கேட்பவர்கள் கேளுங்கள். ஆனால் களனி கங்கை பெருகி, மின்சாரமும் போன் கோபுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழும் நாளில் எந்த வீதி மூடப்பட்டது என்று சொல்லப்போவது வானொலி. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு இது. மரண அறிவித்தலுக்காக ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பேச்சை நிறுத்திக் காது கொடுக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போகும் காரில் வானொலி கேட்க வேண்டும்.

காலையில் தெளிவு, மதியத்தில் காணாமல் போகிறது.

வெயிலில் டாஷ்போர்டு கொதிக்கும்போது செட்டுக்குள் உள்ள பழைய ஈயப் பற்றுகள் விரிந்து தொடர்பு விடும். உலர்ந்த கண்டென்சர்களும் தளரும். ஏசி போட்டுச் சிறிது நேரத்தில் திரும்பி வந்தால் ஐயமே வேண்டாம். இங்கே சொன்னவற்றில் இது மட்டும்தான் செட்டையே திறந்து திருத்த வேண்டிய பழுது. பழைய செட்டுகளைத் திருத்தத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். பெரும்பாலும் பற்றுகளை மறுபடி உருக்கி விட்டாலே போதும்.

மத்திய அலை மட்டும் பலவீனம்.

மிகப் பழைய, குமிழ் திருகும் செட் என்றால் அன்டெனா செருகும் இடத்தருகே அல்லது குமிழுக்குப் பின்னால் ஒரு சிறு ஸ்குரூ இருக்கும். 1400 கிலோஹெர்ட்ஸ் அருகே மெலிதாகக் கேட்கும் ஒரு நிலையத்தை வைத்து, சத்தம் உச்சத்துக்கு வரும் வரை அதை மெதுவாகத் திருகுங்கள். அன்டெனா மாற்றிய பின் இதைச் செய்ய வேண்டும். இரவில் செய்வது நல்லது. இருட்டிய பிறகு மத்திய அலை வெகுதூரம் போகும், தமிழ்நாட்டு நிலையங்களும் கடலைத் தாண்டி எட்டிப் பார்க்கும்.

பெட்டரியைக் கழற்ற வேண்டுமா? கழற்றினால் செட் பூட்டிக்கொள்ளுமாமே?

மீட்டர் சோதனைக்குத் தேவையில்லை. வயர் வெட்டி இணைப்பதென்றால் பெட்டரியின் எதிர் (−) முனையைக் கழற்றுங்கள். சில ஐரோப்பியக் கார்களின் அசல் செட், மின்சாரம் போய் வந்தால் இரகசிய எண் கேட்கும். அந்த எண் கார்ப் புத்தகத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிந்து வைத்த நிலையங்கள் எந்தச் செட்டிலும் அழியலாம், எழுதி வையுங்கள்.

கராஜில் என்ன சொல்லிக் கொடுப்பது?

"வானொலி வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் செட்டை மாற்றுவார்கள். "எஞ்சின் அணைந்திருக்கும்போதும் இரைகிறது, இரவல் அன்டெனாவில் தெளிவாகக் கேட்டது, அடித்தள எர்த்தைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கராஜுக்குள் நின்று கேட்டுவிட்டுப் பணம் கொடுக்க வேண்டாம். காரை வெளியே எடுத்து, எஞ்சின் ஓட, விளக்கும் ஏசியும் போட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் நிலையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.